தையல் மெஷினில் கரண்ட்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. இடது கால் இன்னும் இழுக்கிறது. இந்த முறை எனக்கு வந்திருக்கிற நோயை மட்டுமே பார்க்கிற நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்கள். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். உடம்பின் காவல்படையே நரம்பின் மேலுறையை உரித்துவிடுகிறதாம், ஒயரில் ரப்பர் உரிவதுபோல. போனது முழுதாகத் திரும்பாது. இனிப் போவதைத் தடுக்க ஊசி இருக்கிறது. “முதல் தடவை கண்ணு மங்கினப்பவே வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காதும்மா” என்றார். சந்தேகம் கேட்க ஒரு நர்ஸ், நடை பழக்க ஒருவர் என்று தனியாக வைத்திருக்கிறார்கள்.

மாடிப்படி இனி முடியாது. நீ சொன்னபடி உன் வீட்டுக் கீழறைக்கே வந்துவிடுகிறேன்.

உன் தங்கை

மார்ச் 15

என் செல்லக் கழுதைக்கு,

வாடி. அதற்கு இவ்வளவு பெரிய கடிதமா? வாசற்படியைச் சரிவாக்கக் கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். “மகாராணி எப்ப வர்றாங்க?” என்று கேட்டு உன் அத்தான் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

என் தொல்லை தையல் மெஷின். ஊசியைப் பார்க்கத் தலை குனிந்தாலே முதுகில் சுரீரென்று கால்வரை கரண்ட் இறங்குகிறது. எலக்ட்ரீஷியன் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, “மெஷின்ல ஒண்ணுமில்லக்கா, உங்க வாய்தான் ஷாக் அடிக்குது” என்கிறான். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு தைக்கிறேன்.

அக்கா

மார்ச் 19

அக்கா,

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து, தாடை நெஞ்சில் படக் குனிந்து பார். அப்போதும் அடித்தால் கோளாறு மெஷினில் இல்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. தைலம் தேய்த்துக்கொண்டு திரிந்தேன். கூடப்பிறந்தவர்களுக்கு வருவது அபூர்வம், ஆனால் வராமலில்லை என்கிறார் டாக்டர். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். 27ஆம் தேதி உனக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். உனக்கு இன்னும் எதுவும் போய்விடவில்லை, அக்கா. தயவுசெய்து வா.

தங்கை

மார்ச் 30

அன்புத் தங்கைக்கு,

கீழறைக்கு வெள்ளையடித்தாயிற்று. கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தாயிற்று. சரிவில் நானே ஏறி இறங்கிப் பார்த்தேன், வழுக்கவில்லை.

நீ சொன்னபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குனிந்தேன். அடித்தது.

27ஆம் தேதி வராததற்குக் கோபப்படாதே. எனக்கும் இதுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் இவர், “ரெண்டு பேரையும் யாரு பார்க்கிறது?” என்று கேட்பார். கெட்டவர் இல்லை, ஆனாலும் கேட்பார். அப்புறம் அந்த அறை உனக்கில்லை. நம் இருவரில் ஒருத்திக்காவது ஒன்றுமில்லை என்று இருக்க வேண்டும். யாரும் ஸ்கேன் எடுக்காதவரை அது நான்.

ஞாயிற்றுக்கிழமை கார் அனுப்புகிறேன். இதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமென்றால் ஏறு. முடியாதென்றால் திருப்பி அனுப்பிவிடு.

அக்கா