படமெடுக்க வந்தவர்கள்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கலாமென்றால் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். விடுதிக் காப்பாளர் அம்மாவைக் கேட்டால், “நல்லாத்தான் இருக்கா, சாப்பிடறா, வகுப்புக்குப் போறா” என்கிறார். பிறகு எங்களிடம் மட்டும் என்ன? கடிதத்தையாவது பிரிப்பாய் என்று எழுதுகிறேன்.

உனக்கு உதவித்தொகை கொடுக்கும் அமைப்பிலிருந்து படமெடுக்க வந்ததை உன்னிடம் மறைத்தது நிஜம். கல்லூரி விழாவில் நீ திடீரென்று பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும், சொல்லாதீர்கள் என்றார்கள். வந்த பெண்கள் நல்ல மாதிரி. முதலில் ஓட்டல் சலவைக்கூடத்துக்கு வந்து, நான் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுவதை எடுத்தார்கள். கேமராக் கண்ணாடியில் நீராவி படிந்து, துடைத்துத் துடைத்தே அலுத்துப்போனார்கள். எங்கள் சிடுமூஞ்சி மேற்பார்வையாளர் தலையை வாரிக்கொண்டு வந்து பின்னால் நின்றார். படத்தில் அவரைக் காணோம். இன்னும் என்னோடு பேசுவதில்லை.

பிறகு வீட்டுக்கு வந்தார்கள். புதுத் திரைச்சீலையைக் கழற்றச் சொன்னார்கள். ஃபிரிட்ஜைப் போர்வையால் மூடச் சொன்னார்கள். வேன் ஓட்டும் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மிடுக்காக நின்ற அப்பாவிடம், “நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்” என்றார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இருப்பதைக் காட்டினால் உன் படிப்புக்கு வினை வருமோ என்று பயந்து, சொன்னதையெல்லாம் செய்தேன். “பட்ட கஷ்டத்த நெனச்சுக்கிட்டு இங்க பாருங்கம்மா” என்றார்கள். ஃபிரிட்ஜ், குளிர்ஜுரம் வந்த ஆள் மாதிரி போர்த்திக்கொண்டு நிற்கிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பை வெட்டிவிட்டு அந்தத் தண்ணீரை மட்டும் வைத்திருக்கிறார்கள்.

விழாவில் பாதிப் படத்தில் நீ எழுந்து போய்விட்டாய் என்று உன் அறைத்தோழி சொன்னாள். அப்புறம் அமைப்பின் அதிகாரி அம்மா கூப்பிட்டார். படத்தை எங்கும் காட்டக் கூடாது என்று நீ எழுதிக் கொடுத்திருக்கிறாயாம். உன் உதவித்தொகை நின்றுவிடுமா என்று பதறிப்போய்க் கேட்டேன். “சேச்சே, அதெல்லாம் நிக்காது. ஆனா இந்த மாதிரி படத்தப் பாத்துத்தான் நாலு பேர் குடுக்கறாங்க. இல்லேன்னா புதுப் பொண்ணுங்கள எப்படிச் சேக்கறது? நீங்க சொன்னா கேப்பா” என்று சொல்லி, படத்தையும் அனுப்பிவைத்தார். தனியாளாக நின்று மகளை வளர்த்த தாய் என்று அதில் ஒரு குரல் சொல்கிறது. அப்பா இரண்டு தடவை பார்த்தார். “அப்போ நான் செத்துட்டேனா?” என்று கேட்டார்.

கீழ்வீட்டுத் தையற்காரர் மகளும் இந்த வருடம் உன் கம்ப்யூட்டர் படிப்புக்கே, இதே உதவித்தொகை கேட்டு மனுப் போட்டிருக்கிறாள். “எனக்குக் கெடைக்குமா ஆன்ட்டி?” என்று தினமும் மாடியேறி வருகிறாள். அவள் முகத்தைப் பார்த்தால், படம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றுகிறது. அப்பா முகத்தைப் பார்த்தால் வேண்டவே வேண்டாம் என்று தோன்றுகிறது. இப்படியும் அப்படியும் அலைந்துவிட்டு, கடைசியில் அதிகாரி அம்மாவை நானே கூப்பிட்டு, “வேற படம் எடுங்க. அவரையும் நிக்க வெச்சு, வீட்ட இருக்கற மாதிரியே எடுங்க” என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். காரியத்தைக் கெடுத்தேனா, சரி செய்தேனா, இன்னும் தெரியவில்லை.

நேற்று அப்பா கேட்கிறார், “படத்தப் பாத்து எழுந்து போனாளா, நம்மளப் பாத்து எழுந்து போனாளா?” என்று. வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள் என்று அதட்டினேன்.

விடுமுறைக்கு வரும்போது உன் அறைத்தோழியையும் அழைத்து வா. கொஞ்சம் ஒடுங்கிப் படுத்தால் எல்லோருக்கும் இடம் போதும். ரயில் நிலையத்துக்கு அப்பா வேனை எடுத்துக்கொண்டு வருவார். வேண்டாமென்றால் சொல்லிவிடு, நீங்கள் பஸ்ஸிலேயே வாருங்கள். நாங்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டோம்.

எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து இரு, கண்ணே.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா