பாட்டு வரி ஓட்டுகிற வேலை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல், கூடவே பேய்க் காற்று. வண்டி சீட் நனைந்து, அதில் உட்கார்ந்து நானும் நனைந்து, அந்த ஈரத்தோடு முதலாளி அறைக்கு.

விஷயம் இதுதான். அடுத்த புதன், எங்கள் பனியனை வாங்குகிற பையர் கம்பெனியின் பெங்களூரு ஆபீசிலிருந்து ஒரு அம்மா வருகிறார். போன தடவை வந்தபோது தொழிலாளர் பொழுதுபோக்கு அறையைப் பார்த்துவிட்டு, யாரும் பயன்படுத்துகிற மாதிரித் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போனார். எப்படித் தெரியும்? டீவி சுவரில் ஏறி மூன்று வருடம், இன்னும் பிளாஸ்டிக் உறை கழற்றவில்லை. அறை முழுக்க ரிஜெக்ட் ஆன டீசர்ட் மூட்டை. வாசலில் தமிழ், ஆங்கிலம், இந்தி, ஒடியா என்று பலகை. நான்கு மொழியில் ஒரு பூட்டு.

யோசனை நித்தினுடையது. முதலாளியின் அக்கா மகன். வெளிநாட்டு எம்.பி.ஏ. எனக்கு வந்திருக்க வேண்டிய ஜி.எம். நாற்காலியில் இரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறான். இனி இங்கே அவன் வெறும் நி. முழுப் பெயருக்கு மை செலவழிக்க மனமில்லை. அந்த அம்மா வரும் நேரத்தில் ஹாஸ்டல் பெண்கள் கரோக்கி பாடிக்கொண்டிருக்க வேண்டுமாம். டீவியில் பாட்டு வரி ஓட வேண்டுமாம். லேப்டாப்பை டீவியில் இணைப்பது நான்.

நான் ஹெச்.ஆர். மேனேஜர். எம்.ஏ., எம்.ஃபில். ஒயர் மாட்டுவது என் வேலையில்லை என்று சொன்னேன். முதலாளி சிரித்தார். “ஏனுங்க, புரொபசருக்குத் தெரியாததா? நீங்களே பாத்துக்கோங்க.” கல்லூரியில் கொஞ்ச காலம் கௌரவ விரிவுரையாளராக இருந்த பாவம். எத்தனை வருடமானாலும் போகாது.

“சிம்பிள் அங்கிள். ஒரே ஒரு ஹெச்.டி.எம்.ஐ. கேபிள்,” என்றான் நி.

சிம்பிள் என்றால் நீயே செய்.

வாங்க: பி.பி. மாத்திரை, கேபிள், தேங்காய்.

ஜூலை 9, புதன்

தூறல் நின்றது. காற்று நிற்கவில்லை.

அனுப்பர்பாளையம் கடையில் கேபிள். எவ்வளவு நீளம் வேண்டும் என்று கடை பாய் கேட்டார். தெரியாது என்று சொல்லக் கூச்சம். கையில் கிடைத்ததை வாங்கி வந்தேன். டீவியில் மாட்டினால் லேப்டாப்பை அந்தரத்தில் தொங்கவிட வேண்டும். திரும்பப் போனேன். பாய் சிரிக்காமல் மாற்றிக் கொடுத்தார். நல்ல மனிதர்.

டீவியைச் சுவரோடு ஒட்டி அறைந்திருக்கிறார்கள். பின்னால் விரல் போகாது. பார்க்க அழகாக இருந்தால் போதும், ஒயர் மாட்ட வேண்டியிருக்கும் என்று எவனுக்குத் தோன்றும்? எலக்ட்ரீஷியன் வந்து கழற்றி, தள்ளி மாட்டினான். அதற்குள் என் விரல் முட்டி தோல் போயிற்று. மாட்டியபின் கறுப்புத் திரை. நோ சிக்னல்.

பின்னால் இரண்டு துளை. நான் சொருகியது இரண்டாவதில், டீவி பார்த்துக்கொண்டிருந்தது முதலாவதை. மாற்ற ரிமோட் வேண்டும். அது நி.யின் மேசை டிராயரில். நி. கோயம்புத்தூரில். பேட்மிண்டனாம்.

வீட்டில் சாப்பிடும்போது இவளிடம் சொன்னேன். “ஊட்டு டீவி ரெண்டு மாசமா ஓடல. ஊராருக்கு ஒயர் மாட்டீட்டு வாறீங்களாக்கும்.” அதற்குமேல் அவரைக்காய்ப் பொரியல் இறங்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

ரிமோட் வந்தது. பேட்டரி இல்லாமல்.

பேட்டரி போட்டு, துளையை மாற்றி, படம் வந்தது. வந்தது வெறும் நீல வானம். பாட்டு வரி லேப்டாப்பில் ஓடுகிறது, டீவியில் வானம். ஐ.டி. பையன் லீவு. போன் எடுக்கவில்லை. இதையும் அதையும் தட்டி நானே கண்டுபிடித்தேன்: விண்டோஸ் பொத்தானோடு P. அதில் டூப்ளிகேட். அப்புறம் சத்தம் டீவியில் வராமல் லேப்டாப்பிலேயே கீச்சிட்டது. அதற்கு வேறொரு இடத்தில் போய் மாற்ற வேண்டும். இதெல்லாம் சிம்பிளாம்.

ஷிப்டு முடிந்து ஹாஸ்டல் பெண்கள் வந்தார்கள். செக்கிங் பிரிவு மரியபுஷ்பம்தான் அவர்களுக்கு மூத்தவள். திருச்செந்தூர்ப் பக்கம், முப்பத்தைந்து வயதிருக்கும், யாருக்கும் வாய் அடங்காது. ஒடிசாப் பெண்கள் இருவரும் உண்டு. தமிழ் வாசிக்கத் தெரியாது, காதால் பிடித்துப் பாடிவிடுவார்கள்.

நி. அனுப்பிய கரோக்கி வீடியோ. தமிழ்ப் பாட்டு. வரி மட்டும் ஆங்கில எழுத்தில்.

“சார், இத எழுத்துக் கூட்டி வாசிக்கதுக்குள்ள பாட்டு முடிஞ்சி தீவாளியே வந்துரும்லா,” என்றாள் மரியபுஷ்பம்.

சரிதானே? தமிழ்ப் பாட்டு, பாடுவது தமிழ்ப் பெண்கள், எழுத்து மட்டும் எதற்கு லண்டனிலிருந்து வர வேண்டும்? எந்த மடையன் தொடங்கிய வழக்கம் இது? நானே தமிழில் டைப் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு.

போகும்போது அவள் கேட்டது: அந்த அம்மா போனபிறகும் அறை திறந்திருக்குமா? ஹாஸ்டலில் அடுக்குக் கட்டிலைத் தவிர உட்கார இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்வரக் கொஞ்ச நேரம் கேட் பாஸ், மீதிப் பொழுது முழுக்க மாடிப்படியில். மழை என்றால் படியும் கிடையாது. நன்றாகப் பழகுங்கள், ஞாயிறுதோறும் திறக்க வைக்கிறேன் என்றேன்.

“சார் வாக்கா?”

வாக்குத்தான் என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம் என்று வண்டியில் வரும்போதுதான் யோசித்தேன்.

ஜூலை 12, சனி

ஆபீஸ் வேலை கிடக்கட்டும் என்று பாட்டு டைப் செய்தேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு வரி, பெரிய எழுத்து. இசையை ஓடவிட்டு, வரி வர வர நான் பொத்தானைத் தட்டித் தள்ள வேண்டும். எம்.ஃபில். படித்தது இதற்கு.

டீவியில் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்தைக் காணோம். ஓரத்தை டீவி தின்றுவிடுகிறது. முழுப் படமும் தெரிகிற மாதிரி டீவி செட்டிங்கில் ஓர் இடம் இருக்கிறது, அதைத் தேடுவதற்குள் டீ ஆறிவிட்டது.

மூட்டைகளைக் குடோனுக்கு மாற்றச் சொன்னேன். நி. முனகினான். உறையை நானே கிழித்தேன். பரம சுகம்.

தண்ணீர் இன்றும் வரவில்லை. லாரிக்குச் சொல்ல வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

பெண்கள் நன்றாகப் பாடுகிறார்கள். குறை சொல்லத் தேடினேன், கிடைக்கவில்லை. பழைய மழைப் பாட்டு. இரண்டாவது சரணத்தில் மட்டும் நான் வரியைத் தள்ள முந்திவிடுகிறேன். “சார், நீங்க எங்களுக்கு முன்னால ஓடுதிய. மூச்சு விட்டுக்கிடுங்க,” என்று மரியபுஷ்பம் அதட்டுகிறாள். யாரை யார் அதட்டுவது?

முதலாளியிடம் ஞாயிற்றுக்கிழமை விஷயம் கேட்டேன். “பாக்கலாமுங்க,” என்றார்.

குன்னத்தூரில் பிறந்தவன் நான். பார்க்கலாமுங்க என்றால் என்ன என்று எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டாம். எங்கள் பக்கம் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டோம். அவ்வளவு மரியாதை.

மரியபுஷ்பம் கேட்டபோது, முதலாளி பார்க்கிறேன் என்றார் என்றேன். அவளுக்கும் புரிந்துவிட்டது. தலையாட்டிவிட்டுப் போனாள். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

ஜூலை 15, செவ்வாய்

கோபம். பி.பி. பார்க்கவில்லை, பார்த்தால் இன்னும் ஏறும்.

மதியம் நி. வந்தான். ஹாஸ்டல் பெண்கள் வேண்டாமாம். பார்க்க நன்றாக இருக்காதாம். மெர்ச்சண்டைசிங் ஆபீஸ் பெண்கள் நான்கு பேருக்கு ஏப்ரனும் தொழிலாளர் அடையாள அட்டையும் மாட்டிப் பாட வைக்கப் போகிறானாம். அவர்களுக்காக ஒரு புதுப் பாட்டு, ஆங்கில எழுத்து வீடியோவாக என் லேப்டாப்புக்கு அனுப்பியும்விட்டான்.

இத்தனை நாள் ஷிப்டு முடித்து, காலில் வீக்கத்தோடு வந்து பாடியவர்கள் பார்க்க நன்றாக இருக்க மாட்டார்கள்! இதை நான் போய் அவர்களிடம் சொல்ல வேண்டுமாம். ஹெச்.ஆர். வேலைதானே அங்கிள் என்றான்.

சொன்னேன். செக்கிங் மேசையில் மரியபுஷ்பம் தலை நிமிரவில்லை. கையிலிருந்த பீஸைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, “ரூம்பும் இல்ல, பாட்டும் இல்ல. சரி சார். நீங்க என்ன செய்விய,” என்றாள்.

நீங்க என்ன செய்விய. மாலை முழுக்க அதுவே காதில்.

ஜூலை 16, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்த அம்மா டீ நேரத்துக்குத்தான் அந்த அறைக்கு வந்தார். கதவு திறந்திருந்தது. வெளியே வராந்தாவில் செக்கிங் பெண்கள் டீ டம்ளரோடு. உள்ளே புது ஏப்ரன் போட்ட நான்கு பேர். முதலாளி, நி., மூலையில் லேப்டாப்போடு நான்.

நி. கண்ணைக் காட்டினான். அவன் அனுப்பிய வீடியோ லேப்டாப்பில் இருந்தது. நான் திறக்கவில்லை. மழைப் பாட்டைப் போட்டேன். தமிழ் எழுத்து, இந்தப் பெரிசு.

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தமில்லை. பள்ளியில் அவர்களுக்குத் தமிழுக்குப் பதில் ஃபிரெஞ்சு சொல்லிக் கொடுத்தார்கள். முதல் வரியில் தடுக்கி, இரண்டாவதில் ஒருத்தியை ஒருத்தி பார்த்து, மூன்றாவதில் நின்றேபோனார்கள். இசை மட்டும் போய்க்கொண்டிருந்தது. நி. முகம் இருந்த இருப்பை என்றைக்கும் மறக்க மாட்டேன். மறக்க விருப்பமும் இல்லை.

நான் நிறுத்தாமல் வரியைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். வராந்தாவிலிருந்து குரல் வந்தது. மரியபுஷ்பம். ஒரு வரிதான் தனியாக. அடுத்த வரியில் எல்லோரும், ஒடிசாப் பெண்கள் உட்பட, டம்ளரைக் கீழே வைக்காமலே. அந்த அம்மா நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். இரண்டாவது சரணத்தில் மூச்சு விட்டுத்தான் தள்ளினேன்.

முடிந்ததும் அந்த அம்மா ஆங்கிலத்தில் கேட்டார், இந்த அறைக்கு எப்போதெல்லாம் வருவீர்கள் என்று. “எவ்ரி சண்டே,” என்று நி. முந்தினான். உங்களைக் கேட்கவில்லை என்றுவிட்டு, மரியபுஷ்பத்திடம் கேட்டுச் சொல்லும்படி என்னைப் பார்த்தார். நான் தமிழில் கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. முதலாளியை நேராகப் பார்த்தாள்.

“இனி ஞாயித்துக்கெழம தோறும் தொறந்து விடுவாவ. மொதலாளி சொல்லிட்டாவ. வேணும்னா அவியட்டயே கேட்டுக்கிடுங்க.”

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். வேண்டுமானால் அவரிடமே கேளுங்கள் என்பது வரை. இருபது வருட உத்தியோகத்தில் இவ்வளவு சுத்தமான மொழிபெயர்ப்பு செய்ததில்லை.

அந்த அம்மா முதலாளி பக்கம் திரும்பினார். முதலாளி, “ஆமாங்க. ஆமாங்க மேடம்,” என்றார். அந்த அம்மா எழுதிக்கொண்டார். அடுத்த தடவை ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வருகிறேன் என்றும் சொன்னார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. காற்றில் முருங்கைக் கிளை ஒடிந்து காம்பவுண்ட் மேல்.

அழைப்பு. முதலாளி கத்தவில்லை. கத்துகிற ஆள் இல்லை. “ஏனுங்க புரொபசர், வாக்குக் குடுத்தது நீங்கொ. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை நீங்களே வந்து தொறந்து உட்டுருங்க. வேற ஆளு தர மாட்டேன்.” சாவியை மேசையில் வைத்தார். அப்புறம் காப்பி வரவழைத்தார். தண்டனைக்கும் காப்பி.

என் ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

நி. இப்போதெல்லாம் அங்கிள் என்பதில்லை. என்னோடு பேசுவதே இல்லை. இந்த மொத்த விவகாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம்.

ஜூலை 20, ஞாயிறு

லேசான வெயில். வீட்டில் நாட்டுக்கோழி, நான் கிளம்பியாகவேண்டும். “கம்பெனிக்குத் தத்துப் போயிருங்க,” என்றாள் இவள்.

வெறுங்கையோடு போகவில்லை. மூன்று நாளில் இன்னும் ஐந்து பாட்டு டைப் செய்து வைத்திருந்தேன். போனதும் கேபிள் மாட்டி, சத்தம் சரி பார்த்து, எழுத்து ஓரம் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று பார்த்து, நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்தார்கள். பாய், தலையணை, முறுக்கு. வரிசையாக, ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி, கால் மடக்கி உட்கார்ந்தார்கள். அதே மழைப் பாட்டை ஒரு முறை பாடினார்கள். நன்றாகத்தான் இருந்தது. அடுத்தது போடட்டுமா என்றேன். ஒருத்தி மரியபுஷ்பத்தை இடித்தாள்.

“சார், தப்பா நெனைக்கப்பிடாது. நீங்க இருந்தா இந்தப் பிள்ளைய காலக்கூட நீட்ட மாட்டேங்குதுவ. பென் டிரைவ்ல படம் கொண்டாந்திருக்கோம். நீங்க வீட்டுக்குப் போங்க. சாவியக் குடுங்க, சாயங்காலம் நாங்களே பூட்டிக்கிடுதோம்.”

கம்பெனி விதி, பொறுப்பு, பாதுகாப்பு என்று சொல்லிப் பார்த்தேன். “எல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம் சார்,” என்று கையை நீட்டியபடியே நின்றாள். எனக்குப் பின்னால் ஒருத்தி அதற்குள் கேபிளைக் கழற்றிவிட்டாள். சுருட்டி, பவ்யமாக என் மடியில் வைத்தாள்.

சாவியைக் கொடுத்தேன். லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஐந்து பாட்டு. ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. நன்றி என்று ஒரு சொல், அதுவும் இல்லை. செருப்பை மாட்டுவதற்குள் கதவை உள்ளேயிருந்து சாத்திக்கொண்டார்கள்.