மூன்றாம் கழுவல்

2012 பிப். 6, திங்கள்
வெயில். காலை எட்டுக்கே தகரக் கூரை சுடுகிறது. கப்பலில் போன எங்கள் கம்பெனியின் தும்புத்தூள் கட்டிகள், தேங்காய் மட்டைத் தூளை அமுக்கிச் செய்தவை, திரும்பி வருகின்றனவாம். வெளிநாட்டில் அதைத் தொட்டி மண்ணாகப் போட்டு வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களின் செடியெல்லாம் இலை நுனி கருகிவிட்டது. உப்பு. மட்டை ஊறியது காயலின் உப்புத் தண்ணீரில். தூளை இரண்டு தடவை கழுவினால் போதும் என்று சரக்குச் சீட்டில் கையெழுத்துப் போட்டவள் நான். உப்பு பார்ப்பதுதான் என் வேலையே.

முதலாளி கத்தவில்லை. "அங்க செடிய பிள்ளைய மாதிரி வளக்காவ. இன்னொருக்க கருகிச்சுன்னா நம்ம கதை முடிஞ்சு. நீதான் வழி சொல்லணும்."

சொன்னேன். மூன்றாம் கழுவல், நல்ல தண்ணீரில்.

பிப். 9, வியாழன்
மூன்றாம் கழுவலுக்குப் பின் அளக்கும் கருவியில் தூளின் உப்பு நன்றாக இறங்கிவிட்டது. பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.
கட்டியின் உறைக்கு வாசகம் எழுதச் சொன்னார்கள். அந்த ஊர்களில் தொட்டிச் செடிக்கு மண் எடுக்கச் சதுப்பு நிலத்தை வெட்டி வெட்டி அழித்துவிட்டார்களாம். இப்போது அதற்குப் பதில் நம் தூள். 'பூமியைக் காக்கும் உரமண்' என்று எழுதிக் கொடுத்தேன்.
கழுவின தண்ணீர் பின்பக்கச் சாலில் வாய்க்காலாக ஓடுகிறது. எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை.
தலைவலி. செருப்பு தைக்க வேண்டும்.

மார்ச் 3, சனி
கிணறு. எங்கள் வீட்டுக்கும் ராஜம் அக்கா வீட்டுக்கும் ஒன்றுதான். அக்கா எங்கள் கம்பெனியில் தூள் கழுவும் தொட்டியைக் கிளறுகிறவள். வாளியைத் தூக்கிக் காட்டினாள்.

"எட்டி, வெள்ளத்தப் பாத்தியா? கட்டஞ்சாயா. இனி தேயில வாங்காண்டாம்."

அம்மா சிரிக்கவில்லை. கஞ்சி உப்புப் போடாமலே கரிக்கிறதாம்.

"நீ படிச்சவ. முதலாளிட்ட ஒரு வார்த்த பறையப்பிடாதா?" என்றாள் அக்கா.

கம்பெனிச் சால் போகும் வழியில் நடந்து பார்த்தேன். கிணற்றுக்குப் பின்னால் பள்ளத்தில் முடிகிறது. அங்கேயே மண் உறிஞ்சிக்கொள்கிறது.

மார்ச் 5, திங்கள்
கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் கொண்டுபோய்க் கருவியை விட்டேன். தூளில் இந்த அளவு காட்டினால் திரும்பக் கழுவச் சொல்லுவேன்.

முதலாளியிடம் காட்டினேன். புட்டியைத் தொடக்கூட இல்லை.

"வெள்ளத்த வேற எங்க விட? ரெண்டு கழுவலோட நிறுத்தட்டா? நீ கையெழுத்துப் போடுதியா? திரும்பவும் சரக்கு வந்தா கம்பெனிய பூட்டணும். இந்தப் பெண்ணுவ எல்லாம் உன் வீட்டு வாசல்லதான் வந்து நிக்கும்."

ராஜம் அக்கா தொட்டியை விட்டு ஈரக் காலோடு வந்தாள். நமக்காகப் பேசத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணும் இல்ல முதலாளி. பிள்ள சும்மா கேட்டா."

கோபம். அக்கா மேல் இல்லை. வேறு யார் மேல் என்று சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடும்.

மூன்று மணிக்கு லாரி. சீட்டு: மூன்று கழுவல். உப்பு சரி. கையெழுத்துப் போட்டேன்.

ஆறு மணிக்குப் பஞ்சாயத்துக் குழாய். நீள வரிசை. அக்கா எனக்கும் ஒரு குடம் வைத்து இடம் பிடித்திருந்தாள்.