செம்புக் கொப்பரையில் ஏழு மாதப் பெட்ரோல்

கொல்லம் ஆண்டு 1118 மீனம் 5

கொச்சியிலிருந்து படகின் விசிறித் தண்டு வந்துவிட்டது. ஒரு கோல் இரும்புக்கு ஏழு மாதம். இதற்குள் இராமர் இலங்கைக்கு இன்னும் மூன்று பாலம் கட்டியிருப்பார். யுத்தம் என்று ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது. இனி எவனும் எந்த வேலையையும் நேரத்துக்குச் செய்ய வேண்டாம்.

என் ‘ஜலராஜன்’, திருவிதாங்கூர் நீர்வழிகளின் சக்கரவர்த்தி, பதினெட்டுப் பேர் அமரும் மோட்டார் படகு, ஏழு மாதமாக வள்ளக்கடவில் தவளைகளுக்கு அரண்மனையாகக் கிடக்கிறான். படகு ஓடவில்லை என்று நான் சர்க்காருக்குச் சொல்லவில்லை, சர்க்காரும் கேட்கவில்லை. எவனோ ஒரு பாவி மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறான், ஓடாத படகுக்குப் பெட்ரோல் கூப்பன் எதற்கு என்று. ஒன்பதாம் தேதி அதிகாரி வருகிறார். அவரைக் கடினங்குளம் வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் பெர்மிட் போயிற்று.

வரட்டும். ஒரு மாதக் கூப்பனைக்கூட நான் கழியவிடவில்லை. வாங்கி வாங்கிச் சேர்த்திருக்கிறேன். தகரம் துருப்பிடிக்கும், பீப்பாய்களைப் பட்டாளம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. இந்தப் பகவதிப்பெருமாளின் மூளை என்ன செய்தது? வீட்டில் கல்யாணப் பாயசம் காய்ச்சுகிற இரண்டு செம்புக் கொப்பரைகளை இறக்கியது. கோயில் தீர்த்தம் செம்பில் வருஷக்கணக்கில் கெடாமல் இருக்கிறதே, பெட்ரோல் மட்டும் கெடுமா? மூடி போட்டு, விளிம்பில் மெழுகு பூசி, பின்கட்டு அறையில் பூட்டியாயிற்று. எண்ணெய்க் கம்பெனி வெள்ளைக்காரன் பத்துப் பேர் சேர்ந்து தலைகீழாக நின்றாலும் இது தோன்றியிராது.

மீனம் 7

சிவதாணு கொப்பரையைத் திறந்து முகர்ந்தான். அக்கா செல்லபாயின் ஒரே மகன், ஜலராஜனின் டிரைவர். வயது இருபத்தாறு, ஜாக்கிரதை தொண்ணூறு வயதுக்காரனுடையது.

“மாமா, வாடை சரியில்ல. பழைய பெயிண்ட் மாதிரி அடிக்கி. அதிகாரி வாற அன்னைக்கு மட்டும் புதுசா ரெண்டு காலன் வாங்கி ஊத்துவோம்.”

“மொதல்ல ஒன் மூக்க மாத்து,” என்றேன்.

மீனம் 9

ஜலராஜன் வேளி தாண்டவில்லை.

இருமினான், தும்மினான், பின்னால் ஒருமுறை வெடித்தான், நின்றான். சிவதாணு ஹாண்டிலைப் போட்டுச் சுற்றிச் சுற்றிக் கை கொப்பளித்துப் போயிற்று. காயலில் இருந்த கரிமீன் அத்தனையும் மேலே வந்து வேடிக்கை பார்த்தன. கடைசியில் சக்கரவர்த்தியையும் அதிகாரியையும் தேங்காய்மட்டை ஏற்றிய ஒரு வள்ளத்தின் பின்னால் கட்டி இழுத்து வந்தார்கள். வெயிலில் இரண்டு மணி நேரம். அதிகாரி இறங்கும்போது கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே மலையாளத்தில் நாள் குறித்தார்:

“பதினஞ்சு திவசம். அது கழிஞ்ஞா பெர்மிட் இல்ல, கேட்டோ.”

கேட்டேன். இந்தக் காதால்தான் கேட்டேன். யாரையாவது இன்றைக்குக் கடித்துத் தின்றால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

மீனம் 10

காலையில் சாலைக் கடைத்தெருவுக்குப் போய், பெட்ரோல் பம்பு சாம்பசிவனின் ஏழு தலைமுறையையும் தெருவில் இழுத்துப் போட்டேன். அவன் கணக்குப்பிள்ளையைப் போல உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

“அண்ணாச்சி, ஏழு மாசமா வாங்கிச் சேத்து வச்ச சரக்குக்கு இப்ப வந்து சண்டை போடுதீரு. பாலுன்னா இப்பிடி வருவீரா?”

சிரித்தார்கள். ஊரே சிரித்தது.

வீட்டுக்கு வந்து கொப்பரையில் குச்சி விட்டு அளந்தேன். படகுக்கு ஊற்றியது போக, இரண்டிலும் நாலு விரல் குறைவு. மெழுகில் விரிசல். மிச்சம் இருப்பது தேயிலைக் கஷாய நிறம். என் சாம்ராஜ்யத்தில் அந்த அறைக்கு இரண்டே சாவி. ஒன்று என் இடுப்பில், மற்றது சிவதாணுவிடம். எடுத்தவன் எடுத்துவிட்டு மண்ணெண்ணெயை ஊற்றி வைத்திருக்கிறான். அதனால்தான் ‘புதுசு வாங்குவோம்’ என்று முன்கூட்டியே ராகம் போட்டானா?

நேரே கடவுக்குப் போனேன். சுமைகாரர்கள், வள்ளக்காரர்கள், மற்றப் படகுகளின் டிக்கெட்டுக்கு நின்றவர்கள் எல்லோரும் இருந்தார்கள். சங்குமுகத்துக் கடலும் கேட்கும்படி சொன்னேன்: “லே, நீ கள்ளன். சொந்த மாமனுக்கு மண்ணெண்ணெ ஊத்தின கள்ளன்.”

அவன் என்னைப் பார்த்தான். ஹாண்டிலைத் துணியால் துடைத்துப் பலகையில் வைத்தான். சாவியை அதன் பக்கத்தில் வைத்தான். போய்விட்டான்.

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாமே. கள்ளன் இல்லை என்றால் பேசியிருப்பானே.

மீனம் 11

அக்கா சோறு வைத்தாள். தண்ணீர் வைத்தாள். பேசவில்லை.

மீனம் 13

கிள்ளிப்பாலத்தில் பட்டறை வைத்திருக்கும் குற்றாலலிங்கத்தைக் கூட்டிவந்தேன். வித்துரா மலையில் தோட்டத்து லாரிகளைப் பத்து வருஷம் பிரித்துச் சேர்த்தவன். எஞ்ஜினைப் பிரித்து ஓலைப்பாயில் பரப்பினான். ஜலராஜனின் குடலைப் பார்க்கச் சகிக்கவில்லை. வால்வுகளில் பலாப்பழப் பிசின்போல ஏதோ ஒட்டி, ஒன்றும் அசையவில்லை. கார்புரேட்டரின் நுண்துளைகள் அடைந்து கிடந்தன.

“மண்ணெண்ணெதானே?” என்றேன்.

“மண்ணெண்ணெ இப்பிடிப் பிசின் கட்டாது. பெட்ரோலே கெட்டுப்போயிருக்கு. எதில வச்சிருந்தீரு?”

“தகரத்தில்.”

கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியைக் கட்டைவிரலால் வழித்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். விரலில் பச்சை.

“தகரம் பச்சை விடாது, அண்ணாச்சி. செம்பு பெட்ரோலுக்கு ஆகவே ஆகாது. தோட்டத்துத் துரை செம்புக் குவளைய லாரிப் பக்கம் கொண்டுவர விடமாட்டான். ஏழு மாசம் சும்மா வச்சாலே பெட்ரோல் கெடும். செம்பில வச்சா அதில பாதி நாளு மதி, அதுவே போதும்.”

“அப்ப அந்த நாலு விரல்? அதை எடுத்தவன் யாரு?”

“விரிசல் இருந்துதுன்னு சொன்னீருல்லா? சட்டுனு தீப்பிடிக்கிற நல்ல பாகம்தான் மொதல்ல ஆவியாப் போவும். கள்ளனப் பிடிக்கணும்னா அங்ஙன ஏறிப் பிடியும்.” வானத்தைக் காட்டினான்.

கோபம் ஒரு துளி குறையவில்லை. வைக்கத்தான் இடம் இல்லை.

மீனம் 14

யாரிடமும் சொல்லவில்லை. எஞ்ஜின் சுத்தமாகட்டும், பெர்மிட் தங்கட்டும்; பிறகு சிவதாணுவைப் பைய அழைத்து, போனது போகட்டும் என்று பெருந்தன்மையாக மன்னித்துவிடலாம் என்று யோசனை.

யார் யாரை மன்னிப்பது? வெட்கம் கெட்ட கிழவா.

மீனம் 16

அக்கா வாய் திறந்தாள். கத்தியிருந்தால் தேவலை.

“சிவதாணு பட்டாளத்தில லாரி ஓட்டப் பேரு குடுத்திட்டான். நாளைக்குச் சாயந்திரம் ரயிலு. கள்ளன்னு கூப்பிட்ட ஊரில எப்பிடிம்மா படகு ஓட்டுகதுன்னு கேட்டான். நீ படிச்சவன்லா, நான் என்ன சொல்லணும்னு சொல்லித் தா.”

அப்போதுதான் அவளிடம் சொன்னேன், செம்பையும் பிசினையும். “எப்பத் தெரியும்?” என்றாள். “முந்தாநாளைக்கு முந்தின நாள்.” அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்று நாள். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த மூன்று நாளில்தான் அவன் பேர் கொடுத்திருக்கிறான்.

மீனம் 17

காலையில் கடவுக்குப் போனேன். அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்று, அன்றைக்குப் போட்ட அதே குரலில் சொன்னேன்: கள்ளன் யாரும் இல்லை, சிவதாணு அப்போதே எச்சரித்தான், பெட்ரோலைச் செம்பில் ஊற்றி எஞ்ஜினைக் கெடுத்தவன் நான். பின்னால் நின்றவனுக்கும் கேட்க வேண்டும் என்று திரும்பச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

சாயந்திரம் ஸ்டேஷனில் சிவதாணு சின்ன டிரங்குப் பெட்டியோடு நின்றான்.

“வா, வீட்டுக்குப் போவோம். பட்டாளத்துக்கு ஆளெடுக்கிற வெள்ளைக்காரன்ட்ட நான் பேசுகேன்.”

“காயிதத்தில ஒப்புப் போட்டாச்சு, மாமா. இனி யாரு பேசியும் ஆகாது.”

“நான் கடவில சொல்லிட்டேன்லே.”

“கேள்விப்பட்டேன். எல்லாரும் இருந்தாங்களா?”

“மட்டை வள்ளக்காரன் வரைக்கும்.”

தலையை ஆட்டினான். அவ்வளவுதான். கூட வந்திருந்த அக்காவின் காலைத் தொட்டான். வண்டி நகர்ந்தது. நான் ஓடவில்லை, ஓடினால் நாடகமாகிவிடும் என்று நின்றேன். ஓடியிருக்க வேண்டும்.

மீனம் 23

அதிகாரி ஏறினார். கடினங்குளம் போய்த் திரும்பினோம். புதுப் பெட்ரோல். பெர்மிட் தங்கியது.

ஓட்டியது நான்.

1118 கர்க்கடகம் 11

மழை. இந்த எஞ்ஜின் என் பரம வைரி. தினமும் காலையில் பதினெட்டுப் பேர் குடையைப் பிடித்துக்கொண்டு பார்க்க, காற்றை அடைக்கிற சோக்கை இழுத்து வைத்து, நாற்பது தடவை ஹாண்டிலைச் சுற்றுகிறேன். நாற்பதாவது தடவைக்குள் இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்த எல்லோரையும் திட்டி முடித்துவிடுகிறேன்.

நேற்று பங்களூரிலிருந்து சிவதாணுவின் கார்டு வந்தது, அக்கா பேருக்கு. நாலு மாதமாக என்னோடு பேசாதவள் என் அறை வாசலில் வந்து நின்று, கடைசி வரியை மட்டும் வாசித்தாள்:

“மாமாட்ட சொல்லுங்க. காலம்பற சோக்கை முழுசா இழுப்பாங்க, எனக்குத் தெரியும். எஞ்ஜினுக்கு மூச்சு முட்டிரும். பாதி மதி.”

வாசித்துவிட்டு, “கேட்டியா?” என்றாள். கேட்டேன் என்றேன்.

இன்று காலை பாதி இழுத்தேன். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.