புகைப்புரையில் வைத்த சிந்தசைசர்

11 ஜூன் 2009, வியாழன்

மழை. ஐந்தாம் நாள். ரப்பர் பால் வெட்டு இல்லை. ஸ்கூலிலும் கரண்ட் இல்லை. ஆறாம் வகுப்புக்குக் கரும்பலகையில் மவுஸ் வரைந்து கம்ப்யூட்டர் பாடம் நடத்தினேன். வால் நீளம் என்று சிரித்தார்கள்.

சிந்தசைசரில் மூன்று கட்டைகள் ஒட்டிக்கொண்டன. அழுத்தினால் மேலே வருவதில்லை. குமிழைத் திருப்பினால் பப்படம் நொறுங்குகிற சத்தம். எல்லாம் ஈரம். இந்த வீட்டில் உப்பே கஞ்சியாகத்தான் கிடக்கிறது.

மெஷின் அண்ணனுடையது. தோஹாவில் வேலை பார்க்கிறான்; அங்கிருந்து ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. லேபர் கேம்ப் ரூமில் எட்டுப் பேர், வைக்க இடமில்லை. ரெண்டு வருஷம் முன்னால் லீவுக்கு வந்தபோது போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தான். "ஏட்டி லிஜி, நீ வாசி. ஆனா மூடி வை, கேட்டியா." அவ்வளவுதான் உத்தரவு.

மூடித்தான் வைத்தேன். உறைக்குள்ளேயே பூஞ்சை.

12, வெள்ளி

ஜங்ஷன் பிரவுசிங் சென்டர். சைட்ரான்ஸ் இசை ஃபோரத்தில் புது விவாதம்: உங்கள் கனவு ஸ்டுடியோ எது? ஒருவனுக்குச் சுவர் முழுக்க சிந்தசைசர். இன்னொருவனுக்குப் பனிமலையில் கண்ணாடி வீடு. நான் போட்டது:

நல்ல மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி
சவுண்ட் கார்டு
ஈரமில்லாத அறை

கடைசி வரியை ஜோக் என்று நினைத்து மூன்று பேர் சிரித்திருக்கிறார்கள்.

அப்புறம் அதே ஃபோரத்தில் அண்ணனோடு வழக்கமான சண்டை. அவன் பழைய கோவா டிரான்ஸ் கட்சி. மெலடி ஏறி ஏறிப் போக வேண்டும் அவனுக்கு. எனக்கு ஃபாரஸ்ட் வகைதான். வேகம், இருட்டு, தவளை, பூச்சி. ஆனால் ஃபாரஸ்ட் என்று போட்டுக்கொள்கிறவர்களில் பாதிப் பேரை அட்டை கடித்திருக்காது.

13, சனி

காலையில் சிந்தசைசரைப் பெட்ஷீட்டில் சுற்றி, ரப்பர் ஷீட் காயப்போடுகிற புகைப்புரைக்குள் மேல் கம்பில் வைத்தேன், ஷீட்டுகளுக்கு நடுவே. அடியில் தீ கொஞ்சமாகத்தான் இருந்தது. இங்கே யார் வீட்டில் எது நனைந்தாலும் அங்கேதான் காயும். யூனிபார்ம், பாய், பைபிள்.

அம்மை பார்த்துவிட்டு, "கரண்ட் சாமானமாக்கும்ட்டி, வேண்டாம்" என்றாள். "எனக்க சர்டிபிக்கெட்டு அதுலதானே காஞ்சுது?" என்றேன். "நான் ஒண்ணும் சொல்லேல்ல" என்று போய்விட்டாள்.

15, திங்கள்

எடுத்தேன். ஈரம் போய்விட்டது. கட்டைகளும் போய்விட்டன. மூன்று ஒட்டியிருந்தது; இப்போது ஐந்து, அதில் ஒன்று வளைந்து பல் எடுப்பாக நிற்கிறது. குமிழ் இடுக்கில் எல்லாம் கரிப்பிசின். ஆன் செய்தால் அரை ஸ்வரம் கீழே தொடங்கி, சூடாக ஆகத் தானாக மேலே ஏறுகிறது.

என்னைப் போல மடச்சி ஜில்லாவில் இல்லை.  

17, புதன்

ஃபோரத்தில் அண்ணன் எழுதியிருக்கிறான். "எனக்குக் கனவு ஸ்டுடியோ வேண்டாம். இருக்கிறது. ஒரு சிந்தசைசர், ஒரு மேசை, ஒரு ஜன்னல், வெளியே ரப்பர் மரங்கள். ஷிஃப்ட் முடிந்து படுத்தால் அதில்தான் வாசிப்பேன்." கீழே நான் போன வருஷம் அனுப்பிய போட்டோ. நாற்பது பேர் பாராட்டு. பனிமலைக்காரன் பொறாமை என்று எழுதியிருக்கிறான்.

மெயிலும் வந்திருக்கிறது. லீவு கிடைத்துவிட்டது. 27 வருகிறான்.

20, சனி

மெயில் மூன்று தரம் எழுதினேன். 'அண்ணா, ஒரு விஷயம்.' அழித்தேன். 'அண்ணா, மழை பலம்.' அழித்தேன். மூன்றாவதில் அம்மைக்குக் கால்வலி என்று எழுதி அனுப்பியும்விட்டேன். அம்மைக்குக் கால்வலி இல்லை. பயம். வேறு ஒன்றும் இல்லை.

27, சனி

வந்தான். மெலிந்திருக்கிறான். அம்மைக்குத் தைலம், கால்வலிக்காம். அம்மை என்னைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றியதும் நேரே அறைக்குள் போனான். உறையை எடுக்கும் முன்பே மோந்து பார்த்துவிட்டான்.

"ரப்பர் ஷீட் மணக்குது. பொகப்புரையிலயா வச்ச?"

ஆமாம் என்றேன். வளைந்த கட்டையை விரலால் தொட்டான். கத்துவான் என்று நினைத்தேன்.

"எட்டு பேரு கெடக்க ரூம்லட்டி. கண்ண அடச்சா எனக்கு இதாக்கும் தெரியும்."

சாப்பிடாமல் படுத்துவிட்டான். மீன்கறி அப்படியே இருக்கிறது.

29, திங்கள்

 பருப்பு வேண்டுமா என்று கேட்டால் அம்மையிடம் பதில் சொல்கிறான்.

1 ஜூலை, புதன்

மழை விட்டது. காலையில் சிந்தசைசரைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தான், பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்துக்கொண்டு. கூப்பிடவில்லை. நானும் போய் உட்கார்ந்தேன். அவன் கட்டை, நான் குமிழ்.

மத்தியானம் வரை துடைத்தோம். திடீரென்று கேட்டான்.

"இதுல எழுத்து எங்க?"

ஃபில்டர் குமிழைச் சுற்றி இருந்த எழுத்தும் கோடும். கரி போனதும் வெறும் தகரம் தெரிந்தது.

"பொகையில போச்சா?"

"இல்ல. அது போன வருஷமே போச்சு. நான் திருப்பித் திருப்பி தேஞ்சது."

 தன் பெருவிரலை வைத்துப் பார்த்தான். பிறகு என் விரலை இழுத்து வைத்தான். சரியாக உட்கார்ந்தது.

"நான் இதுல ஒரு இருபது நாளு வாசிச்சிருப்பேனாட்டி?"

 பஞ்சு தீர்ந்தது என்று எழுந்து போனேன்.

5, ஞாயிறு

நான்கு கட்டைகள் உயிர் பெற்றன. வளைந்தது வளைந்ததுதான். சாயங்காலம் என் டிராக்கைப் போடச் சொன்னான். அந்தத் தானாக ஏறுகிற ஸ்வரத்தை வைத்தே செய்தது. ஏழு நிமிஷமும் கேட்டான். "மெலடியே இல்லியே மக்கா" என்றான். திரும்பப் போடச் சொன்னான்.

18, சனி

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் வழியனுப்பினோம். அம்மை அழுதாள். நான் பஸ்ஸில்.

21, செவ்வாய்

மழை திரும்பவும். ஸ்கூல் விட்டு பிரவுசிங் சென்டர். கனவு ஸ்டுடியோ விவாதத்தில் அண்ணன் தன் பழைய பதிவைத் திருத்தியிருக்கிறான்.

"தவறாக எழுதிவிட்டேன். அந்த ஸ்டுடியோ என்னுடையது இல்லை. என் தங்கச்சியுடையது. லீவுக்குப் போனால் என்னையும் வாசிக்க விடுவாள்."

கண் நிறைந்துவிட்டது. பக்கத்து சீட்டில் ப்ளஸ் டூ பிள்ளைகள், துடைக்கக்கூட முடியவில்லை. பதில் அடித்தேன்: 'வாசி. ஆனா மூடி வை, கேட்டியா.' அனுப்பும் முன் கரண்ட் போய்விட்டது.