மேஸ்திரியின் சிரிப்பு

என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் இடுப்பு வலி குறைந்ததா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறாளா?

போனில் கேட்டால் குரல் உயரும், அதனால்தான் எழுதுகிறேன். நம் வீட்டுக்குத் தளம் போட்ட படங்கள் பார்த்தேன். எல்லாவற்றிலும் மேஸ்திரி நிற்கிறார். வெயில் இறங்காமலிருக்கத் தளத்தின் மேல் நானே லீவில் வந்து ரசாயன நுரை அடிக்கிறேன் என்றால், “ஓடு பதிச்சா போதும்னு மேஸ்திரி சொல்றாருங்க. அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்கிறாய். இந்த வெளிநாட்டில் ஊரார் கூரைக்கெல்லாம் நுரை அடிப்பவன் நான். என் கூரைக்கு அவர் சொல்வதுதான் வேதவாக்கா?

நேற்று வேலையிலும் இதே நினைப்பு. குழாயிலிருந்து விழும் நுரை, பொங்கும் பால் போல எழும்பி இறுகும். இறுகுவதற்குள் காலை வைத்துவிட்டேன். ஒரு பூட்ஸ் கூரையோடு ஒட்டிக்கொண்டது. “என்னப்பா, வீட்டு ஞாபகமா?” என்று சூப்பர்வைசர் சிரித்தார். அடி ஒன்றும் இல்லை, பயப்படாதே.

லீவு முடிந்து அங்கிருந்து இங்கே திரும்பி வருகிற நம் ஊர்ப் பெயிண்டரிடம் உன் தலையணை உறை ஒன்றைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம். உன் படமும் வேண்டும். வந்த படங்களில் ஒன்றில்கூட நீ இல்லை. எடுத்தவள் நீ. அப்படியென்றால் மேஸ்திரி பல் தெரியச் சிரிப்பது உன்னைப் பார்த்துத்தானே?

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அடுத்த படத்தில் நீ தளத்தில் நில், மேஸ்திரி எடுக்கட்டும். வேண்டாம், அப்போது நீ அவரைப் பார்த்துச் சிரிப்பாய். அம்மாவை எடுக்கச் சொல்.

உன் புருஷன்