யானைக் கால், வாத்துக் கால்

அம்மா,

நேற்றுச் சாயங்காலம் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது தம்பியின் பழைய செருப்பு ஒன்று அகப்பட்டது. இடது கால். யானைப் படம் போட்டது. துடைப்பம் பட்டதும் அது 'பீ' என்று ஒருமுறை கத்தியது. அடுப்படியிலிருந்து அத்தை, "ஏளா, என்னது அது, எலியா?" என்றாள். "ஒண்ணுமில்லத்தை" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் பள்ளிக்கூடப் பைக்குள் போட்டுக்கொண்டேன். தூசியோடுதான் போட்டேன். துடைத்தால் மறுபடி கத்தும்.

இப்போது அது இந்த நோட்டின் பக்கத்தில் இருக்கிறது. இது இந்தி நோட்டு. வீட்டில் என்னைத் தவிர யாரும் இதைத் திறக்கமாட்டார்கள். நானும் அதிகம் திறந்ததில்லை. அதனால்தான் இதன் கடைசிப் பக்கங்களில் உனக்கு எழுதுகிறேன். அப்பாவும் அத்தையும் தம்பியும் உள்ளே தூங்குகிறார்கள், நான் புறவாசலில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும். இது வீட்டில் நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

செருப்பு வாங்கிய நாள் உனக்கு ஞாபகம் இருக்குமா? இந்த மலையாள ஊரின் சாலை பஜாரில், நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த அண்ணாச்சியின் கடை. தம்பி நடக்கத் தொடங்கிக் கொஞ்ச மாதம்தான் ஆகியிருந்தது. "நடந்தா சத்தம் வரணும் அண்ணாச்சி" என்றாய். அவர் வாத்துப் படம் போட்ட ஜோடியை எடுத்துக் கொடுத்தார். வலது கால் நன்றாகக் கத்தியது, இடது காலில் வெறும் காற்று வந்தது. யானை ஜோடியைக் கொடுத்தார். அதில் இடது கால் அருமை, வலது கால் ஊமை. தம்பியைக் கடை முழுக்க இரண்டு தடவை நடத்திப் பார்த்துவிட்டு, நீ வாத்தின் வலது காலையும் யானையின் இடது காலையும் சேர்த்து எடுத்து, "இதக் கட்டுங்க" என்றாய்.

"ஏம்மா, செருப்பு வாங்க வந்தியளா, நாதஸ்வரம் வாங்க வந்தியளா? மிச்சம் கெடக்கத நான் யாருக்குக் கொடுக்க?"

"சத்தம் பிடிக்காத வீட்டுக்குக் கொடுங்க அண்ணாச்சி. ரெண்டும் ஊமை. ஒத்துப்போவும்."

"பிள்ள காலுக்கு எது போட்டா என்னம்மா?"

"காலுக்கா வாங்குதேன்? எங் காதுக்குல்லா வாங்குதேன்."

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு நம் வீட்டில் நீ தையல் மெஷினை விட்டுத் தலையைத் தூக்கியதே இல்லை. சத்தம் அடுப்படிப் பக்கம் போனால் "அங்க போவாத" என்பாய். சத்தம் நின்றால் மட்டும் எழுந்து போவாய்.

பிள்ளைகளுக்கான எந்தக் கடைக்குப் போனாலும் நீ முதலில் குந்தி உட்கார்ந்துவிடுவாய். தம்பியின் உயரத்துக்கு இறங்கி, அங்கிருந்து சுற்றிலும் பார்ப்பாய். பொம்மைக் கடையில், போட்டோ ஸ்டூடியோவில், எல்லா இடத்திலும். முடி வெட்டும் கடையில் நாற்காலிக் கைகள்மேல் பலகை போட்டு அவனை உட்கார வைத்தபோது, கண்ணாடிக்குக் கீழே போய்க் குந்திக்கொண்டாய். "சேச்சி, ஒண்ணு மாறி நிக்கணும்" என்று தள்ளி நிற்கச் சொல்லி அந்த ஆள் கெஞ்சினார். "நான் கீழ இருந்தாத்தான் அவன் குனிவான். நீங்க வெட்டுங்க" என்றாய். எனக்கு வெட்கமாகிவிட்டது. வாசலில் போய், யாரோ மாதிரி நின்றுகொண்டேன். அதற்காக இப்போது என்னை மன்னித்துக்கொள்.

கரமனைத் தையல் கடையில் உன்னைத் திரும்பக் கூப்பிட்டபோது, தம்பியைப் பகலில் விட இடம் தேடி அலைந்தோம். முதலில் போன டே கேரில் பொம்மைகள் எல்லாம் பிளாஸ்டிக் கவரோடு அலமாரி உச்சியில் இருந்தன. பிள்ளைகள் எப்போது எடுத்து விளையாடும் என்று கேட்டாய். "எடுத்தால் கேடாகுமல்லோ" என்றாள் அந்த அம்மாள். வெளியே வந்து, "கெட்டுப்போவாம யாருக்கு வச்சிருக்கா, கரப்பானுக்கா?" என்றாய்.

அடுத்துப் போனது கரமனை டீச்சர் வீடு. ஓட்டு வீடு, முன்னால் மணல் முற்றம். டீச்சர் தரையில் உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து மூன்று பிள்ளைகளுக்கு மாற்றி மாற்றி ஊட்டிக்கொண்டிருந்தார். நீ முற்றத்தில் குந்திப் பார்த்தாய். உனக்குப் பிடித்திருந்தது, முகத்தைப் பார்த்தே தெரிந்தது. ஆனால் டீச்சருக்குத் தமிழில் ஒரு வார்த்தை வராது. திரும்பி வரும்போது, "நல்ல மனுசிதான். நம்ம பிள்ள தண்ணி கேட்டா அவளுக்கு என்னன்னு புரியும்?" என்றாய்.

அப்படித்தான் தம்பானூரில் மாடி அக்காவிடம் போனோம். அப்பா சமையல் மாஸ்டராக இருக்கும் ஓட்டலுக்குப் பின்னால், மாடியில் டே கேர். அதை நடத்தும் அக்கா அப்பாவின் முதலாளிக்குக் கொழுந்தியாள். "வாங்க மதினி. எந்த ஊரு நீங்க? அட, நம்ம பக்கம்லா! இனி இவன் எம் பிள்ள" என்று காப்பி கொடுத்தாள். இரண்டு பேரும் ஊர்க் கோயில் கொடையைப் பற்றி வெகுநேரம் பேசினீர்கள். இந்த ஊருக்கு வந்த பிறகு நீ அவ்வளவு நேரம் வெளியாளிடம் பேசி நான் பார்த்ததில்லை. அங்கே மட்டும் நீ குந்தவில்லை, அம்மா. நாற்காலியில் உட்கார்ந்தாய்.

இரண்டு வாரம் கழித்து எனக்கு ஓணம் லீவு. தம்பியின் இருமல் மருந்தை மறந்துவிட்டோம் என்று மத்தியானம் கொடுக்கப் போனோம். மாடிப்படியில் மூன்றாவது படியில் நீ நின்றுவிட்டாய். என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"சத்தம் கேக்கலையே."

"தூங்குவான்மா."

"இந்நேரத்துக்கா?"

மேலே டிவி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நாம் கதவைத் தள்ளினோம். செருப்பு ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. தம்பி ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். இடுப்பில் ஒரு துண்டு. அதன் மறுமுனை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது. அவனுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகள், அதே மாதிரி. நிக்கர் நனைந்து காய்ந்திருந்தது. அவன் நம்மைப் பார்த்தும் அழவில்லை, எழுந்து வரவும் முயலவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கனவில் வருகிறது.

முடிச்சு அவிழவில்லை. நீ பல்லால் கடித்து அவிழ்த்தாய். மாடி அக்கா அடுப்படியிலிருந்து வந்து, "படிக்கு ஓடுதான் மதினி. விழுந்துட்டா நான்லா பதில் சொல்லணும்? அந்தச் செருப்புச் சத்தம் வேற மண்டையப் பொளக்கு" என்றாள். நீ மற்ற இரண்டு பிள்ளைகளின் முடிச்சையும் அவிழ்த்தாய். செருப்பை எடுத்து, படியில் உட்கார வைத்து அவனுக்குப் போட்டுவிட்டாய். தூக்காமல் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக நடத்தி இறக்கினாய். பீ, பீ என்று தெரு வரைக்கும் கேட்டது.

பஸ் ஸ்டாப்பில் வைத்துத்தான் என் கையைப் பிடித்துத் தம்பியின் தலையில் வைத்தாய்.

"அப்பாகிட்ட சொல்லக் கூடாது."

"ஏம்மா?"

"அவரு கோவம் தெரியும்லா? கரண்டியும் கையுமா மாடிக்குப் போயிருவாரு. நாளைக்கு எங்க வேலைக்குப் போவாரு? தம்பி தலைமேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அன்று ராத்திரி அப்பாவிடம், "தம்பானூர் எனக்குச் சுத்து. தையல் கடைக்குப் பக்கத்துலயே ஒரு டீச்சர் பாத்துக்கிடுதாங்க" என்றாய். அப்பா, "ஒஞ் சௌரியம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

டீச்சர் வீட்டில் தம்பியை விட்ட முதல் நாள், டீச்சர் உன்னிடம் அவன் என்னென்ன வார்த்தை பேசுவான் என்று கேட்டார். நீ சொல்லச் சொல்ல, காலண்டர் தாளின் பின்னால் மலையாள எழுத்தில் எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டினார். தண்ணி. பசிக்கு. ஒண்ணுக்கு. தூக்கு. கடைசியாக நீயே ஒன்று சேர்க்கச் சொன்னாய்: அம்மா வருவா. அழும்போது அதைச் சொன்னால் போதும் என்றாய்.

தையல் கடையில் சாப்பாட்டு நேரம் விட்டால் நீ அந்த வீட்டு மதிலுக்கு வெளியே போய் நிற்பாய். சனிக்கிழமைகளில் நானும் வந்திருக்கிறேன். உள்ளே பீ பீ என்று முற்றத்தைச் சுற்றிச் சத்தம் ஓடும். ஒருநாள் டீச்சர் பார்த்துவிட்டு, "அகத்தேக்கு வரூ" என்று உள்ளே கூப்பிட்டார். நீ, "வேண்டாம் டீச்சர், கேட்டாச்சு" என்று சொல்லித் திரும்பிவிட்டாய்.

போன மழைக்காலத்தில் உனக்கு எலிக்காய்ச்சல் வந்தது. மெடிக்கல் காலேஜில் ஒன்பது நாள். கடைசியாக நான் பார்த்த அன்று நீ கண்ணைத் திறக்காமல், "சத்தம் கேக்கலையே" என்றாய். ஜுரத்தில் ஏதோ பேசுகிறாய் என்றார் அப்பா. எனக்குத் தெரியும். "அத்தகூட வீட்ல இருக்காம்மா, ஓடிக்கிட்டுத்தான் இருக்கான்" என்றேன். செருப்பு அவனுக்குச் சின்னதாகிவிட்டதைச் சொல்லவில்லை.

இத்தனை மாதம் அத்தைதான் தம்பியைப் பார்த்துக்கொண்டாள். அவள் மகளுக்குப் பேறுகாலம் நெருங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வள்ளியூருக்குப் போகிறாள். நேற்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "திங்கக்கெழமையிலருந்து தம்பிய மாடி அக்காகிட்ட விட்டுருவம். முன்னாலயும் கொஞ்ச நாள் அங்கதான இருந்தான். நம்ம ஆளு. வேலைக்கு எடையில நானும் எட்டிப் பாத்துக்கிடலாம்." உனக்குப் பிறகு அவர் முகம் தெளிந்து பார்த்தது நேற்றுத்தான். நான் தட்டைக் கழுவிக்கொண்டே நின்றேன். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினேன்.

தம்பிக்கு நாலு வயது ஆகப்போகிறது. அந்த மாடி அவனுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் நிக்கர் நாடாவைக் கட்ட வந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்துகிறான். எலாஸ்டிக் வைத்தது மட்டும்தான் போடுவான். "எங்க ராசாவுக்கு நாடா ஆவாது" என்று அப்பா சிரிக்கிறார். அவர் சிரிக்கும்போதெல்லாம் நான் எழுந்து போய்விடுகிறேன்.

இன்று பள்ளிக்கூடம் விட்டதும் நான் கரமனைக்கு நடந்து போனேன். பைக்குள் செருப்பு இருந்தது. மதிலுக்கு வெளியே நீ நிற்கிற இடத்தில் நின்றேன். உள்ளே ஒரு பிள்ளை எதையோ கேட்டு அழுதது, இன்னொன்று சிரித்தது, யாரோ ஓடினார்கள். நீ இருந்தால் கேட்டாச்சு என்று திரும்பியிருப்பாய். நான் கேட்டைத் திறந்தேன்.

"மோளே, அம்ம எவிடே?" என்று கேட்டார் டீச்சர். உனக்குக் காய்ச்சல் வந்ததிலிருந்து தம்பியை அங்கே விடவில்லை, அதனால் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சொன்னேன். அவர் மடியில் இருந்த குழந்தையை இறக்கிவிட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு நான் வந்த காரியத்தைக் கேட்டேன்: தம்பிக்கு இடம் இருக்கிறதா, காலையில் நானே கொண்டு விட்டு, பள்ளிக்கூடம் விட்டு நானே கூட்டிப்போகலாமா.

"ஸ்தலம் உண்டு. பக்ஷே அச்சன் வந்து பறயணம். நீ குட்டியல்லே?"

அப்பா வந்து சொல்ல வேண்டும். நான் சின்னப் பெண். அது நியாயம்தான். திங்கட்கிழமை வரை வேறு யாருக்கும் அந்த இடத்தைக் கொடுப்பதில்லை என்று டீச்சர் சொன்னார். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். கதவில் காலண்டர் தாள் அப்படியே இருக்கிறது, அம்மா. ஓரம் மஞ்சளாகிவிட்டது. நீ சொன்ன வார்த்தைகள் எல்லாம் இருக்கின்றன. கடைசி வரியையும் படித்தேன். டீச்சர் பின்னால் வந்து நின்று, "களயான் தோணியில்லா" என்றார். தூக்கிப் போட மனம் வரவில்லையாம்.

ஆக, அப்பாவிடம் சொல்ல வேண்டும். டீச்சர் வீடுதான் வேண்டும் என்று மட்டும் சொன்னால் அவர் ஏன் என்று கேட்பார். அப்பாவிடம் எனக்குப் பொய் வராது, உனக்குத்தான் வரும். துண்டைப் பற்றிச் சொன்னால் உன் சத்தியம் போய்விடும். தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்கு ஆகாது என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அந்தப் பயம்தான் எனக்கு. சொன்னாலும் தம்பிக்கு, சொல்லாவிட்டாலும் தம்பிக்கு. வாங்கிய சத்தியத்தைத் திருப்பித் தர நீ இல்லை.

ரொம்ப நேரம் யோசித்துவிட்டேன். கொஞ்சம் முன்னால் உள்ளே போய், தூங்குகிற தம்பியின் தலையில் கையை வைத்தேன். வியர்த்திருந்தது. பிறகு அந்தக் கையை எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டேன். இனி அது என் தலைமேல் செய்த சத்தியம். மீறினால் எனக்கு வரட்டும். இப்படி மாற்றலாமா என்று எனக்குத் தெரியாது. மாற்றிவிட்டேன்.

அப்பாவுக்குக் கோபம் வரும். அதற்கும் யோசித்து வைத்திருக்கிறேன். முதலில் டீச்சர் இடம் வைத்திருப்பதைச் சொல்வேன். பிறகு மாடியில் பார்த்ததைச் சொல்வேன். அவர் எழுந்தால் வாசலில் நின்றுகொள்வேன். "மாடிக்குப் பொறவு போவலாம்ப்பா, மொதல்ல கரமனைக்கு வாங்க" என்பேன். நீ கண்ணாடிக்குக் கீழே குந்திக்கொண்டு நகராமல் இருந்தாயே, அது மாதிரி. வேலை போய்விடுமா என்று தெரியவில்லை. நீ அதற்குப் பயந்தாய். நானும் பயப்படுகிறேன். ஆனாலும் திங்கட்கிழமை தம்பி அந்தப் படி ஏறமாட்டான்.

அப்பாவின் அலாரம் அடித்துவிட்டது. நாலு மணி. உள்ளே பாயைச் சுருட்டுகிறார். இனி பல் விளக்க இந்தப் பக்கம்தான் வருவார்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். அழுத்தாமல் தூசியைத் துடைத்துவிட்டேன். அவர் வாசற்படியைத் தாண்டியதும் இதை அழுத்துவேன். "என்ன சத்தம் அது?" என்று கேட்பார். அங்கேயிருந்து தொடங்குவேன்.